ஆவடிக்கு வந்த மூன்று இன்ஜின்கள்

டாங்கி என்றால் எல்லோரும் குழலைத்தான் பார்க்கிறார்கள். குடியரசு தின அணிவகுப்பில் கேமரா முதலில் போவதும் அங்கேதான். 120 மில்லிமீட்டரா, 125 மில்லிமீட்டரா, எவ்வளவு தூரம் சுடும் என்று டி.வி.யில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுக் கொண்டிருப்பார். வண்டியின் பின்பக்கம், இரும்புச் சல்லடைக்குக் கீழே, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த வாரம் நாம் கண்டுகொள்வோம்.

சினிமாவை விமர்சனம் செய்கிறோம். நாவலைக் கிழித்துத் தொங்கவிடுகிறோம். ஒரு டீசல் இன்ஜினை விமர்சனம் செய்தால் என்ன? அதுவும் யாரோ உட்கார்ந்து யோசித்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று முடிவெடுத்து உருவாக்கியதுதானே? பி.காம். படித்தவனுக்கு பிஸ்டனோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எது செலவு, எது சொத்து என்று பிரித்துப் பார்க்கத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்ஜின் கதையும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

களம், நம்ம ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட அதே ஆவடி. ஆறு வருடம் கழித்து, 1961ல், கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. ஊர்க்காரர்களுக்கு எச்.வி.எஃப். ஆவடி என்ற பெயரே ராணுவக் கிடங்கு ஒன்றின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கியதுதான் என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. கதை பொய். ஆனால் அப்படி ஒரு கதை கிளம்பும் அளவுக்கு ஊரும் ராணுவமும் ஒட்டிக்கொண்டுவிட்டன. புறநகர் ரயிலில் ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்று போர்டு மாட்டிக்கொண்டு போகிறதே, அது சும்மா இல்லை.

எச்.வி.எஃப்., டாங்கியை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.இ., 1987ல் வந்த இன்ஜின் ஃபேக்டரி. மூன்றும் ஒரே ஊரில். இங்கே இந்த அறுபது வருடத்தில் ஐரோப்பாவின் மூன்று டீசல் குடும்பங்கள் வந்து குடியேறின. ஒன்று பிரிட்டிஷ், ஒன்று ரஷ்யா, ஒன்று ஜெர்மனி. மூன்றும் மூன்று விதம். ஒவ்வொன்றும், அதைப் பெற்ற நாடு தன்னைத்தானே கேட்டுக்கொண்ட ஒரு கேள்விக்கு விடை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் வந்தவர் பிரிட்டிஷ்காரர். லேலண்ட் எல்-60.

விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 1965ல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதன் வயிற்றில் இருந்தது இந்த இன்ஜின். ஆள் கொஞ்சம் விசித்திரமானவர். ஆறு சிலிண்டர், ஆனால் பன்னிரண்டு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள், கும்பிடும் இரண்டு உள்ளங்கைகள் மாதிரி எதிரெதிரே வந்து காற்றை நசுக்கும். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். காற்றை நசுக்கினால் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். எல்-60ல் மேல்மூடியும் இல்லை, வால்வும் இல்லை. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள்தான். பிஸ்டன் நகரும்போது ஓட்டை திறக்கும், மூடும். இரண்டு கிராங்க் ஷாஃப்ட்களைப் பல்சக்கரங்களால் இணைத்திருப்பார்கள்.

காகிதத்தில் பார்த்தால் அழகு. ஏன் இப்படி ஒரு சாகசம்? 1957ல் நேட்டோ நாடுகள் ஒரு கொள்கை வகுத்தன. போர்க்காலத்தில் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றினாலும் டாங்கி ஓட வேண்டும். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், எது வேண்டுமானாலும். அந்தக் கேள்விக்கு பிரிட்டன் தேடிப் பிடித்த விடை, ஜெர்மன் யுங்கர்ஸ் விமான இன்ஜின்களின் வழியில் வந்த இந்த எதிர்-பிஸ்டன் அமைப்பு. மற்ற நாடுகள் அந்தக் கொள்கையை மெதுவாகத் தளர்த்திக்கொண்டன. பிரிட்டன் மாட்டிக்கொண்டது. சிலிண்டர் உறையில் கசிவு, புகை, சொன்ன சக்தி வராமை என்று அவர்களுடைய சீஃப்டன் டாங்கியில் எல்-60 வாங்கிய கெட்ட பெயர் ரொம்பப் பிரசித்தம்.

விஜயந்தாவில் அதே இன்ஜினை 535 குதிரை சக்திக்கு மட்டுப்படுத்தி வைத்தார்கள். 19 லிட்டர் கொள்ளளவு. என் விமர்சனம் இதுதான்: புத்திசாலித்தனமான விடை, ஆனால் கேள்வி நம்முடையது இல்லை. கிடைத்த எண்ணெயை ஊற்றி ஓட்ட வேண்டும் என்று பஞ்சாப் எல்லையில் யாரும் கேட்கவில்லை. நேட்டோ கேட்ட கேள்விக்கு பிரிட்டன் எழுதிய விடைத்தாளை ஆவடி அழகாகப் பிரதியெடுத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது விருந்தாளி ரஷ்யாவிலிருந்து. இவர் விருந்தாளி இல்லை, வீட்டோடு மாப்பிள்ளை.

1980களின் கடைசியில் டி-72 டாங்கி ஆவடியில் உருவாகத் தொடங்கியது. அதற்குள் இருக்கும் வி-46 இன்ஜினின் ஜாதகத்தைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். 1930களில், இன்றைய உக்ரைனில் உள்ள கார்கிவ் நகரத்து ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் பிறந்த வி-2 என்ற இன்ஜினின் வாரிசு அது. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படையைத் திருப்பியடித்த டி-34 டாங்கியில் ஓடியது அதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டீசலைக் கண்டுபிடித்த ஜெர்மானியர்களின் டைகர் டாங்கி அன்று பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்தது. ரஷ்யர்கள்தான் டீசலில் ஓடினார்கள்.

வி-2ன் அமைப்பு: பன்னிரண்டு சிலிண்டர், ஆறு ஆறாக வி எழுத்து வடிவில். சுமார் 38.8 லிட்டர். எடையைக் குறைக்க அலுமினியக் கலவையில் உடம்பு. டி-34ல் அது 500 குதிரை. டி-72ல் அதே கொள்ளளவுக்குள் 780. டி-90ல் டர்போ சேர்த்து 1,000. அப்பா, மகன், பேரன். மூன்று பேருக்கும் சட்டை அளவு ஒன்றே!

இதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வி வடிவத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பிஸ்டன்களுக்கும் தனித்தனி கம்பி வைத்தால் கிராங்க் ஷாஃப்ட் நீண்டுவிடும். அதனால் ஒரு கம்பியைத் தாய்க்கம்பி ஆக்கி, அதன் இடுப்பில் இன்னொரு குட்டிக் கம்பியைக் கீல் போட்டுத் தொங்கவிட்டார்கள். விளைவு? ஒரு பக்கத்து பிஸ்டன் 180 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். மறுபக்கத்து பிஸ்டன் 186.7. நம்ம ஊர் இன்ஜினீயரிங் வாத்தியார் பார்த்தால் காதைத் திருகுவார். ஆனால் இடம் மிச்சம். அந்த மிச்சம்தான் டி-72ஐ உயரம் குறைந்த, சின்ன வண்டியாக, 41.5 டன்னுக்குள் அடக்கியது. எதிரியின் கண்ணில் படாத சின்ன டாங்கி, ஆயிரக்கணக்கில் வேண்டும், சாதாரணத் தொழிற்சாலையில் செய்ய முடிய வேண்டும். இது ரஷ்யா கேட்டுக்கொண்ட கேள்வி. விடை பொருத்தமாகவே இருந்தது.

விலை இல்லாமலா? இன்ஜினைக் குறுக்கே படுக்க வைத்துவிட்டு, சக்தியைப் பக்கத்திலுள்ள கியர் பெட்டிகளுக்குக் கொண்டுபோக ஒரு பல்சக்கரப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ரஷ்யர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் ‘கிடார்’. கேட்க இனிமை. ஆனால் இன்ஜினைக் கழற்றி மாட்டும்போது கிடாருக்குச் சுருதி சேர்க்க வேண்டும். இம்மி பிசகாமல் பொருத்தி முடிக்க மணிக்கணக்கு, சில சமயம் நாள்கணக்கு. இன்னொன்று, டி-72 பின்னோக்கி நகரும் வேகம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். நடந்து போகிறவர் முந்திவிடுவார். பின்வாங்குவது பற்றி அந்த வடிவமைப்பாளர்கள் அதிகம் கவலைப்படவில்லை போலிருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் மூன்று பையன்கள் கவலைப்பட்டிருப்பார்கள்.

இந்த இன்ஜின் விஷயத்தில் ஆவடியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 2018 ஜூலையில், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் இரண்டு இன்ஜின்களை ராணுவத்திடம் ஒப்படைத்தார். டி-72க்கான 780 குதிரை ஒன்று, டி-90க்கான 1,000 குதிரை ஒன்று. முழுக்க முழுக்க உள்நாட்டுப் பாகங்கள். சின்ன விஷயம் இல்லை. எரிபொருள் பம்ப், டர்போ என்று மைக்ரான் கணக்கில் கடையப்படும் பாகங்கள் அத்தனையும் இங்கேயே செய்து பழகுவதற்கு முப்பது வருடம் பிடித்தது.

அப்புறம் என்ன ஆனது? 2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்ய அரசு நிறுவனத்தோடு 24.8 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. எதற்கு? டி-72ல் 780 குதிரையை எடுத்துவிட்டு 1,000 குதிரை இன்ஜின் வைக்க. கூடவே ஆவடிக்குத் தொழில்நுட்பப் பரிமாற்றம். 1,000 குதிரை இன்ஜினை டி-90க்காக ஆவடி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும்போதே இது. எனக்குப் புரிந்தவரை கணக்கு இதுதான்: ஒவ்வொரு பாகத்தையும் நாம் செய்யலாம். ஆனால் ஒரு பாகத்தை மாற்றும் உரிமை, மாற்றினால் என்ன ஆகும் என்ற அறிவு, இரண்டும் வரைபடத்தின் சொந்தக்காரரிடம். ‘எப்படி’ என்பதை வாங்கினோம். ‘ஏன்’ என்பது விற்பனைக்கு வரவே இல்லை.

மூன்றாமவர்தான் கதாநாயகன். ஜெர்மனியின் எம்.டி.யூ. 838. அர்ஜுன் டாங்கியின் இன்ஜின்.

அர்ஜுன் திட்டத்துக்கு 1974ல் அனுமதி கிடைத்தது. ஆரம்ப ஒதுக்கீடு 15.5 கோடி ரூபாய். இன்ஜினும் நாமே செய்வதாகத்தான் திட்டம். அதிலும் சாதாரண இன்ஜின் இல்லை. முதலில் கேஸ் டர்பைன் என்றார்கள். பிறகு பன்னிரண்டு சிலிண்டர் டீசல், 1,500 குதிரை, தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிர வேண்டும், அமுக்க விகிதம் ஓடும்போதே மாற வேண்டும் என்றார்கள். வளர்ந்த நாடுகளே திணறிய சமாசாரம் அது. 200 குதிரை லாரி இன்ஜினைக்கூட அன்று நாம் சொந்தமாக வடிவமைத்துப் பெரிதாகப் பேர் வாங்கியிருக்கவில்லை. முதல் முறை அடுப்பு பற்ற வைக்கிறவர் கல்யாண சமையலுக்கு ஒப்புக்கொண்ட கதை. இன்ஜின் வரவில்லை. தாற்காலிகமாக ஜெர்மன் இன்ஜின் என்று முடிவானது.

தாற்காலிகம்! நம்ம ஊரில் இந்த வார்த்தைக்கு ஆயுசு கெட்டி.

சரி, ஜெர்மன் இன்ஜினைப் பார்ப்போம். பத்து சிலிண்டர், 90 டிகிரி வி, தண்ணீர்க் குளிர்ச்சி, 37.4 லிட்டர். 1965ல் சேவைக்கு வந்த ஜெர்மனியின் லெப்பர்ட்-1 டாங்கிக்காகப் பிறந்தது. அந்த வண்டி சுமார் 40 டன். இன்ஜின் 830 குதிரை. ஜெர்மனி கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: ஆள் குறைவு, நேரம் குறைவு. வண்டி வேகமாக ஓட வேண்டும், பழுதானால் வேகமாக எழுந்திருக்க வேண்டும். அதனால் இன்ஜின், கியர், குளிரூட்டி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். பவர்பேக் என்று பெயர். மூடியைத் திறந்து, இணைப்புகளைக் கழற்றி, கிரேன் வைத்துத் தூக்கினால் மொத்தமும் வெளியே. புது மூட்டையை இறக்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வண்டி கிளம்பிவிடும். பழைய மூட்டையைப் பின்னால் கொண்டுபோய் நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம். பட்டறையையே போர்க்களத்திலிருந்து அகற்றிவிட்ட யோசனை. மூன்று இன்ஜின்களிலும் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

நமக்கு வந்தது அதன் தம்பி. கொள்ளளவு அதே 37.4 லிட்டர். ஆனால் டர்போ வைத்து, உள்ளே போகும் காற்றைக் குளிரவைத்து, 1,400 குதிரை ஆக்கினார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம். அடர்த்தியான காற்றில் கூடுதல் டீசல் எரியும். ரொம்ப எளிமையான தத்துவம்.

சிக்கலும் அங்கேதான். காற்றைக் குளிரவைக்கத் தேவை அதைவிடக் குளிர்ந்த வெளிக்காற்று. ஜெர்மனியில் அது இலவசம். ராஜஸ்தானில் மே மாதம் 45 டிகிரி. குளிரூட்டும் விசிறியைச் சுற்றுவதற்கே இன்ஜின் தன் சக்தியில் ஒரு பங்கைத் தர வேண்டும். வெயில் ஏற ஏற அந்தப் பங்கும் ஏறும். வண்டியின் எடையும் சும்மா இருக்கவில்லை. முதல் அர்ஜுன் 58.5 டன். மேம்படுத்தப்பட்ட மார்க் 1ஏ, 68 டன். இன்ஜின் அதே 1,400. டன்னுக்கு 24 குதிரை என்று இருந்தது இருபதரைக்கு இறங்கிவிட்டது. டி-90க்கு இது இருபத்தொன்றரை. 40 டன் வண்டிக்காகப் பிறந்த குடும்பத்துப் பிள்ளையிடம் 68 டன்னை இழுக்கச் சொல்கிறோம். அவன் இழுக்கிறான் என்பதே அவனைப் பெற்றவர்களுக்குப் பெருமை. ஆனால் அவனை மேலே வளர்க்க நம் கையில் ஒன்றுமில்லை.

பெற்றவர்கள் இதற்குள் எங்கே போய்விட்டார்கள் தெரியுமா? இதைப் புரிந்துகொள்ள, லிட்டருக்கு எத்தனை குதிரை என்று ஒரு கணக்குப் போடலாம். டி-34க்கு 13. டி-72க்கு 20. டி-90க்கு 26. அர்ஜுனுக்கு 37. இதே எம்.டி.யூ.வின் அடுத்த தலைமுறையான 883 இன்ஜின், 27.4 லிட்டரில் 1,500 குதிரை. லிட்டருக்கு 55. அதற்கும் அடுத்த தலைமுறை, ஜெர்மனியின் பூமா கவச வண்டியில் இருப்பது. பத்து சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு லிட்டரை ஒட்டிய கொள்ளளவு, ஆனால் சுமார் 1,090 குதிரை. லிட்டருக்கு நூறை நெருங்குகிறது.

இது எப்படிச் சாத்தியம்? உங்கள் தெருவில் நின்ற ஸ்விஃப்ட் டீசலை நினைத்துக்கொள்ளுங்கள். 2020ல் மாருதி டீசலையே நிறுத்தும்வரை அந்த 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜின் இல்லாத தெருவே கிடையாது. லிட்டருக்கு 60 குதிரை. ரகசியம், காமன் ரெயில். பழைய டீசலில் பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக அடித்துத் தரும், தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடிப்பது போல. காமன் ரெயிலில் மாடித் தொட்டி மாதிரி ஒரு பொதுக்குழாய். அதில் எப்போதும் உயர்ந்த அழுத்தத்தில் டீசல் தயாராக இருக்கும். எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். ஒரே வெடிப்புக்குள் டீசலைப் பல சிறு துளிகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். சத்தம் குறையும், புகை குறையும், சக்தி கூடும்.

கார் இன்ஜின் சின்னது, வேகமாகச் சுழலும், அதனால் லிட்டர் கணக்கில் ஜெயிக்கும். டாங்கியோடு நேராக ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் திசை ஒன்றே. சின்ன இன்ஜின், பெரிய அழுத்தம், கூர்மையான கட்டுப்பாடு. இன்ஜின் சின்னதானால் அதைச் சுற்றிப் போட வேண்டிய கவசம் குறையும். கவசம் குறைந்தால் வண்டி எடை குறையும். எடை குறைந்தால் இன்னும் சின்ன இன்ஜின் போதும். ஐரோப்பா இந்தப் படியில் இறங்கிக்கொண்டே போனது. நாம் அதே இன்ஜினை வைத்துக்கொண்டு எடையில் ஏறிக்கொண்டே போனோம்.

2021 பிப்ரவரியில் பிரதமர் மோடி சென்னையில் அர்ஜுன் மார்க் 1ஏ-வை ராணுவத்திடம் ஒப்படைத்தார். அந்த செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர். ஒரு வண்டிக்குச் சுமார் 64 கோடி. முதல் ஐந்து வண்டிகள் 30 மாதத்தில் என்றார்கள். இன்ஜின் கேட்டு ஜெர்மனிக்குப் போனால், அந்த ரகத்தையே நிறுத்திவிட்டோம், உற்பத்தியை மறுபடி தொடங்க நான்கு வருடம் ஆகும் என்று பதில் வந்ததாகச் செய்திகள் வெளியாயின. அவர்கள் மேல் கோபப்பட ஏதாவது இருக்கிறதா? 1960களின் மாடலை இன்னமும் கேட்டால் எந்தக் கடைக்காரர்தான் ஸ்டாக் வைத்திருப்பார்?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். முதலில் 124, இப்போது 118. இந்தச் சொற்ப எண்ணிக்கைக்காக யாராவது சொந்தமாக இன்ஜின் வடிவமைப்பார்களா? கட்டுப்படியாகுமா? வர்த்தகம் படித்தவன் என்ற முறையில் இதற்கு மரியாதை தருகிறேன். டாங்கிக்காக மட்டும் என்றால் கட்டுப்படியாகாது. ஆனால் எம்.டி.யூ. டாங்கியை நம்பியா பிழைக்கிறது? கப்பலுக்கு விற்கிறது. ரயிலுக்கு விற்கிறது. மின்சாரம் போனால் ஓடும் பெரிய ஜெனரேட்டர்களுக்கு விற்கிறது. அங்கே சம்பாதித்த காசும் அனுபவமும்தான் டாங்கி இன்ஜினாக வருகிறது. நாமோ டாங்கி இன்ஜினை ஒரு ராணுவ ரகசியமாக, வேலிக்குள், தனித்தீவாக வைத்தோம். வேலிக்கு வெளியே அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகள், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில் டீசல் இன்ஜெக்‌ஷன் கருவிகளுக்கென்றே எழுந்த டெல்ஃபி-டி.வி.எஸ்., எண்ணூரில் எல்-60ன் பெற்றோர் பெயரையே சுமக்கும் அசோக் லேலண்ட். சுற்றிலும் இவ்வளவு கை. நடுவில் ஆவடி, வரைபடத்துக்கு வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டு.

தென் கொரியாவைப் பாருங்கள். அவர்களுடைய கே-2 டாங்கிக்கும் இதே தலைவலி. சொந்த இன்ஜின் சோதனையில் தடுமாறியது. முதல் 100 வண்டிகளுக்கு வெட்கப்படாமல் ஜெர்மன் பவர்பேக் வாங்கி வைத்தார்கள். ஆனால் சொந்த இன்ஜினைக் கைவிடவில்லை. நின்ற இடத்திலிருந்து 32 கிலோமீட்டர் வேகம் எடுக்க 8 விநாடி என்று இருந்த நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்திக்கூட வாய்ப்புக் கொடுத்தார்கள். இரண்டாவது தொகுதியில் கொரிய இன்ஜின் வந்துவிட்டது, ஜெர்மன் கியரோடு. பிறகு ஜெர்மனி கையை விரித்தபோது துருக்கி தன் அல்டாய் டாங்கிக்கு இன்ஜின் கேட்டுப் போன இடம் கொரியா. நாமும் தாற்காலிகமாக வாங்கினோம், அவர்களும் தாற்காலிகமாக வாங்கினார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பை அணைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாடம் படித்தோமா? 2020 லடாக் மோதலுக்குப் பிறகு, மலை ஏற இலகு டாங்கி வேண்டும் என்றார்கள். சி.வி.ஆர்.டி.இ.யும் எல் அண்ட் டி.யும் சேர்ந்து 25 டன் ஜோராவரை உருவாக்கின. 2024ல் காட்சிக்கு வந்தது. குறுகிய காலத்தில் செய்த நல்ல வேலை, சபாஷ் போடலாம். இன்ஜின்? முதலில் ஜெர்மனியை நம்பினார்கள். அனுமதி இழுபறியானது. அமெரிக்க கம்மின்ஸ் வந்து உட்கார்ந்தது. வண்டியைச் சொந்தமாக முடித்துவிட்டு இன்ஜினுக்கு ஊர் ஊராக அலைவது ஐம்பது வருடப் பழக்கம். லேசில் போகாது.

நம்பிக்கையே இல்லையா என்றால், இருக்கிறது. 2024 மார்ச் 20ஆம் தேதி, மைசூரில் பி.இ.எம்.எல். இன்ஜின் பிரிவில், இந்தியாவில் வடிவமைத்த 1,500 குதிரை டாங்கி இன்ஜின் முதன்முறையாகச் சோதனை மேடையில் உயிர் பெற்றது. தத்ரன் என்று பெயர். 2020ல் தொடங்கிய திட்டம். பாலைவன வெயில், மலை உயரம், உறைபனி மூன்றிலும் ஓட வேண்டும் என்பது அதற்கு வைத்த பரீட்சை. கவனித்தீர்களா? இதுவரை ஆவடிக்கு வந்த மூன்று இன்ஜின்களில் ஒன்றுக்குக்கூட இந்தப் பரீட்சைத்தாளை நாம் தயாரிக்கவில்லை. இது நம் எல்லை கேட்கும் கேள்வி. விடை சரியாக வருமா என்பது அப்புறம். கேள்வி முதன்முறையாக நம்முடையது.

மேடையில் ஓடுவது வேறு, பொக்ரான் மணலில் ஓடுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் உடைய வேண்டிய பிஸ்டன்கள், வெடிக்க வேண்டிய குழாய்கள், பத்திரிகையில் வர வேண்டிய ‘இன்ஜின் சோதனை தோல்வி’ தலைப்புகள் நிறைய இருக்கின்றன. நாமெல்லாம் அப்போது கேலி செய்வோம். நாடாளுமன்றத்தில் கேள்வி வரும். தணிக்கைத் துறை எழுதும். எழுதத்தான் வேண்டும், அது அவர்கள் வேலை. ஆனால் அந்தச் செலவை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உடைந்த பிஸ்டனை நஷ்டம் என்று எழுதினால் திட்டத்தை மூடிவிடுவோம். மறுபடி ஒரு தாற்காலிக ஏற்பாடு.

எம்.டி.யூ. இருக்கும் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபன் நகரத்தில், வருடக்கணக்கில் உடைத்துப் பார்த்து உடைத்துப் பார்த்துத்தான் 830 குதிரையை 1,400 ஆக்கினார்கள். எந்த ஒப்பந்தத்திலும் அந்த உடைசல்களைச் சேர்த்து விற்க மாட்டார்கள். உண்மையான சொத்து அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும்.